மழைக்கு முன்னால் விதைக்கிறவர்கள்

மழை விழுந்த முதல் நிமிஷத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. எம்.எஸ்ஸி. புவியியல் வகுப்பிலிருந்து களப்பணிக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டி, அதன்மேல் உப்பையும் தேய்த்துக்கொண்டு நிற்க, நான் ஒருத்தி மட்டும் வெறுங்காலோடு ஈரப் புல்லுக்குள் இறங்கி நடந்தேன். மேட்டில் ஏறி நின்று குனிந்து பார்த்தால் இரண்டு கணுக்காலிலும் அட்டைகள். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பள்ளத்தாக்கே ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கும்.

இடம் சோரா. சிரபுஞ்சி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். மேகாலயாவின் தெற்கு விளிம்பில், வங்கதேசத்துச் சமவெளியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மேடு. நான் ஷில்லாங்கில் சேர்ந்த முதல் வருஷம். என்னோடு படித்த சோராக்காரிதான் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாக உப்புப் போட்டு உதிர்த்துவிட்டாள். உதிர்த்துக்கொண்டே கேட்டாள்: "மழை வந்தால் எல்லோரும் செருப்பைப் போடுவார்கள். நீ ஏன் கழற்றுகிறாய்?"

"மழை வந்தால் கழற்றத்தானே வேண்டும்?" என்றேன். சொன்ன பிறகுதான், இது உலகத்து வழக்கம் இல்லை, எங்கள் ஊர் வழக்கம் என்பதே எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர், பசுவந்தனைக்குப் பக்கத்தில். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தால் இரண்டு பக்கமும் கறுப்பு. மண் அவ்வளவு கறுப்பு. அந்த மண் நனைந்துவிட்டால் செருப்பை விடாது. முதல் எட்டில் கொஞ்சம் அப்பும். அடுத்த எட்டில் அப்பினதன்மேல் அப்பும். நாலு எட்டு வைப்பதற்குள் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிடுவோம். அப்புறம் வார் அறுந்துபோகும். அதனால் முதல் தூறல் விழுந்ததுமே சின்னது பெரியது எல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போகிறவர்களும் அப்படித்தான். மழையில் செருப்போடு நடக்கிறவரைப் பார்த்தால் வெளியூர் என்று கண்டுகொள்ளலாம்.

சோராவில் நடக்கும்போது காலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு மண்ணே இல்லை. பெய்து பெய்து மேல்மண் முழுக்க வழிந்து போய், புல்லைக் கொஞ்சம் தூக்கினால் கீழே பாறை.

இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. அதுவரைக்கும் நான் ஊரைப் பற்றிப் பெரிதாகப் பேசினவள் இல்லை. வகுப்பில் மழை வரைபடம் மாட்டினால் சோரா கரும்பச்சையாக இருக்கும். நாங்கள் வெளுத்த மஞ்சளாக இருப்போம். மஞ்சள் என்றால் வறட்சி, பற்றாக்குறை, பின்தங்கிய பகுதி. வாத்தியார் குச்சியை அங்கே வைத்துவிட்டு, உடனே எடுத்துவிடுவார். எனக்கும் அதில் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. சோராவுக்குப் போய்விட்டு வந்த பிறகு சொல்ல நிறைய இருந்தது. விடுதி அறையில் கூட இருந்தவர்களை நான் தூங்கவிடவில்லை.

முதலில் கடலைமிட்டாய். ஊரிலிருந்து கொண்டுபோன பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் மறுநாளே வளைகிறது. கடித்தால் சத்தம் வரவேண்டிய மிட்டாய், இழுத்தால் நீள்கிறது. துணி காயாது. புத்தகத்தின் அட்டை பூத்துப்போகும். சோராக்காரியின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மா அடுப்புக்கு மேலே ஒரு சின்னக் கூடையைக் கட்டி, அதில் உப்பையும் தீப்பெட்டியையும் வைத்திருந்தார். கீழே வைத்தால் குச்சி நமுத்துவிடுமாம். அந்தத் தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் கோவில்பட்டி!

"இது எங்கள் ஊர்! எங்கள் ஊர்!" என்று நான் குதித்த குதியில் அந்த அம்மா பயந்துவிட்டார். ஆனால் குதிக்காமல் எப்படி இருப்பது? உலகத்திலேயே ஈரமான ஊர்களில் ஒன்றில் அடுப்புப் பற்றுகிறது என்றால், அது எங்கள் ஊர் வெயில் காயவைத்த குச்சியால். வரைபடத்தில் வெளுத்த மஞ்சள் என்று குச்சியை எடுத்தார்களே, அந்த மஞ்சள்தான் இந்த நெருப்பு.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் சோராவில் அருவி இல்லாத திசை இல்லை. டிசம்பர் வந்ததும் அதே வீட்டில் அந்த அம்மா குடத்தோடு ஊற்றுக்கு இறங்கிப் போகிறார். அத்தனை மழையும் மத்தியானத்துக்குள் பாறைமேல் வழுக்கி வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. மழையில் முங்கிக் கிடந்த ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையா?

இதைவிட எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. சோராவுக்கு மழை கொண்டுபோவதும் எங்களுக்குக் கொண்டுவருவதும் ஒரே கடல், வங்காள விரிகுடா. ஆனி ஆடியில் வடக்கே போய் அந்த மேட்டில் முட்டிக் கொட்டுகிறது. அந்த மாதங்களில் எங்களுக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறும் காற்று மட்டும்தான் வரும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, கையை வீசிக்கொண்டு வருகிற காற்று. பிறகு ஐப்பசியில் காற்று திசை மாறும். அதே கடல் எங்கள் பக்கம் திரும்பும். கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் வாங்கினதை வைத்துக்கொண்டு மண் தை மாதம் வரை பயிரை நிற்க வைக்கும்.

"அதற்கும் முன்னாலேயே நாங்கள் விதைத்துவிடுவோம்" என்று ஒரு நாள் சோராக்காரியிடம் சொன்னேன்.

"எதற்கு முன்னால்?"

"மழைக்கு முன்னால். காய்ந்த புழுதியில்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செருப்பைக் கழற்றினவள்தானே நீ" என்றாள்.

இந்தப் பேச்சு நடந்த நாட்களில்தான் ஊரில் என் அக்கா ஒரு சண்டையை இழுத்து வைத்திருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, நிலத்தை நான் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் நின்றுவிட்டாள். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் அவள் உளுந்துப் பேச்சை எடுப்பாள்.

அப்பாவுக்கு நிலம் அலுத்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் அவரும் புழுதியில் விதைத்தவர்தான். ஒரு வருஷம் விதைத்த கையோடு அரைகுறைத் தூறல் விழுந்து, விதை முளைவிட்டு, அடுத்து அடித்த வெயிலில் அத்தனையும் கருகிப்போனது. அதிலிருந்து மழை பெய்த பிறகுதான் விதைப்பது என்று ஆகிவிட்டார். ஆனால் எங்கள் மண் நனைந்தால் டிராக்டர் இறங்க முடியாது. இறங்கும் பக்குவம் வருவதற்குள் பாதி ஈரம் போய்விடும். இரண்டு வருஷமாக வெள்ளாமை தேறவில்லை. அந்த நேரம் பார்த்து சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தார். பக்கத்து நிலங்கள் ஏற்கெனவே போயிருந்தன. அதைக் கொடுத்தால் கொடுத்ததுதான். தகடு நட்ட நிலத்தில் எங்கள் காலத்தில் கலப்பை படாது.

அக்கா போனில் சொன்னாள்: "அப்பா ஒரு வருசம் தந்திருக்காவ. இந்தத் தடவை மொளைக்கலன்னா கையெழுத்துப் போட்டிருவாவளாம். நீ லீவுக்கு வாரியாட்டி?"

"வாரேன். கூட ஒரு ஆளும் வருது."

"ஆரு?"

"மழைக்காரி."

புரட்டாசியில் பூஜை விடுமுறை. குவாஹாட்டியில் ரயிலேறி, சென்னையில் மாறி, இருவரும் வந்து சேர்ந்தோம். கோவில்பட்டியில் இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது. "இதில் தண்ணீரே இல்லை" என்றாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் இருந்தவள் சட்டென்று என் தோளைப் பிடித்தாள்.

"பொய்க்காரி! அவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டா வறட்சி வறட்சி என்றாய்?"

பார்த்தேன். தூரத்தில் நீலமாக, வெயிலில் தளதளவென்று பரந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "அது ஏரி இல்லை. சோலார் தகடு. எங்கள் நிலமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது" என்றேன். அவள் அந்த நீலம் மறையும்வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் நுழைந்தால் முற்றத்து நிழலில் சாக்கை விரித்து, அதன்மேல் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. விதை உளுந்து. அக்கா அதைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, வடித்து, நிழலிலேயே பழையபடி காயவைத்திருந்தாள். அப்படிச் செய்த விதை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். ஈரம் பட்டால் மடமடவென்று முளைக்கும். கல்லூரியில் படித்தது, விவசாய ஆபீஸிலும் சொன்னார்களாம். ஊருக்கு அது பிடிபடவில்லை. உளுந்தை ஊறப்போட்டால் அடுத்த வேலை ஆட்டுக்கல், கிரைண்டர், வேறென்ன? பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏட்டி, ஊற வச்சது சரி. அரிசி எப்பம் ஊறப்போடப் போற? நிலம் பூரா இட்லியா மொளைக்கட்டும்."

"மொளைச்சா மொதல் ஈடு ஒங்களுக்குத்தான் மதினி. சட்டினிய மட்டும் கொண்டு வாங்க."

"வந்தவ ஆரு? வடக்கத்திப் பிள்ளையா?"

"மழை ஊருக்காரி. அவிய ஊர்ல மழை நிக்கவே செய்யாதாம்" என்றேன் நான்.

மதினி சோராக்காரியை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் கொண்டு வந்திருக்காளா கேளு."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சோராக்காரி கைப்பையைத் திறந்து, உள்ளே பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று கையை விரித்தாள். மதினிக்கு அவளை அந்த நொடியிலேயே பிடித்துப்போயிற்று.

சாயந்திரம் நிலத்துக்குப் போனோம். கோடை முழுக்க வாய் பிளந்து கிடந்த மண்ணை உழுது போட்டிருந்தார்கள். உழாத ஓரத்தில் வெடிப்புகள் அப்படியே இருந்தன. சோராக்காரி குப்புறப் படுத்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. இன்னும் அடி தட்டவில்லை. எழுந்தபோது முகம் மாறியிருந்தது. அவள் ஊரில் கையளவு மண்ணுக்குக் கீழே பாறை தட்டிவிடும்.

"எவ்வளவு ஆழம்?"

"என் அப்பாவையே நிறுத்திவைக்கலாம்" என்றேன். அந்த நேரம் நிலம் முழுவதும் எனக்கே எனக்கு என்பதுபோல நெஞ்சு விம்மியது. நிற்க ஒரு மரம் இல்லாத வெளி. நாலு பக்கமும் வானம் தரையில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் குருமலை. சோராவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேகமோ மலையோ முகத்தில் இடிக்கும். இங்கே கண் போனால் போய்க்கொண்டே இருக்கும்.

"பெருமை போதும்" என்றாள் அவள். "எங்கள் மலையில் தேன் உண்டு. ஆரஞ்சு உண்டு. மர வேரைப் பின்னி ஆற்றுக்குப் பாலம் போட்டிருக்கிறோம். உன் ஊரில் நிழல் உண்டா?"

நிழல் இல்லைதான். "வானம் உண்டு" என்றேன். சிரித்துவிட்டாள்.

விதைப்பு அன்று டிராக்டர்காரரிடம் அக்கா போட்ட ஒரே நிபந்தனை ஆழம். விதைக்கும் மிஷின் மேலாகத் தூவிவிட்டுப் போகக்கூடாது, உள்ளே போகவேண்டும். சின்னத் தூறலின் ஈரம் எட்டாத ஆழம், பெரிய மழையின் ஈரம் தவறாமல் எட்டுகிற ஆழம். அது ஒரு கோடு மாதிரி. கொஞ்சம் மேலே போனால் அப்பாவுக்கு நடந்தது நடக்கும். கொஞ்சம் கீழே போனால் முளை மேலே வர மூச்சுப் பற்றாது.

அப்பா நிலத்தின் பொழியில், எல்லை மேட்டில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "இம்புட்டு ஆழத்துல பொதைக்கிதியே, இது விதையா பொணமா?" என்றார்.

"அப்பா, அவச்சொல்லு சொல்லாதிங்க. ஒங்களுக்குக் கருகினது எம்புட்டு ஆழத்துல போட்டது? சொல்லுங்க."

அப்பா துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். டிராக்டர் ஒரு புழுதி மேகத்தை இழுத்துக்கொண்டு போனது. பொழியில் நின்ற சோராக்காரி மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லையே என்று அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். "இதை என் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார். மழை வரும் என்று மழையிடம் கேட்டுவிட்டா விதைக்கிறீர்கள்?" என்றாள். கேட்பதில்லை. கேட்காமல்தான் விதைக்கிறோம். அவ்வளவு நெஞ்சழுத்தம் எங்கள் ஊருக்கு உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சாயந்திரம், வரக்கூடாதது வந்தது. தூறல். மண் வாசனை மட்டும் ஊரைத் தூக்குகிறது. முற்றத்தில் குழிகூட நிறையவில்லை. சோராக்காரி கையைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். "மழை! மழை!" என்றவள், அப்பா, அக்கா, நான் என்று மூன்று பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். மழையைப் பார்த்து வருத்தப்படுகிறவர்களை அவள் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டாள். அவள் ஊரில் மழையைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள், அது வேறு. நான் விளக்கிச் சொன்னேன். நின்றுவிட்டால் ஆபத்து. பெய்தால் ஒழுங்காகப் பெய்யவேண்டும், இல்லாவிட்டால் பெய்யவே கூடாது.

நின்றுவிட்டது. மறுநாள் விடிந்ததுமே வெயில் சுள்ளென்று ஏறியது.

அப்பா காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கும் இதே மாதிரிதான்" என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் எழுந்து கிளம்பினாள். நான் பெட்டியிலிருந்து என் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்பா வரமாட்டார் என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சோராக்காரி. வழியில் நின்ற மதினி என் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி ஸ்கேலு? மண்ணுக்குச் சட்டை தைக்கப் போறியளா?"

"ஆமா, அளவெடுக்கப் போறோம்" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

மேல் மண் கறுத்து, தோசைமேல் எண்ணெய் விட்ட மாதிரி நனைந்திருந்தது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து விதை வரிசையைப் பக்கவாட்டில் மெல்லக் கீறினாள். ஈரக் கறுப்பு, அதற்குக் கீழே காய்ந்த சாம்பல் நிறம். நடுவில் கோடு போட்டது போல இருந்தது. நான் ஸ்கேலை வைத்தேன். ஈரம் முடிந்த இடத்துக்குக் கீழே, விரல்கனம் காய்ந்த புழுதி. அதற்கும் கீழே உளுந்து.

அக்கா அதை எடுத்துத் துணியில் துடைத்து வாயில் போட்டுக் கடித்தாள். கடக்.

அந்தச் சத்தத்துக்கு நான் கடலைமிட்டாய், தீப்பெட்டி எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன். நனையாத விதை! தூங்குகிற விதை! நாலைந்து இடத்தில் தோண்டினோம். கிழக்கு மூலையில் மட்டும், மிஷின் கொஞ்சம் மேடேறிப் போன இடத்தில், விதை ஊதி முளை எட்டிப் பார்த்திருந்தது. அது போனதுதான். மற்ற இடமெல்லாம் கடக், கடக். அப்பா ஒரு இடத்தில் தானே தோண்டி, தானே ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை. மென்றுகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

ஆனால் பெரிய மழை வந்தால்தான் இதெல்லாம் கணக்கு. புரட்டாசி முடிந்தது. விடுமுறை முடிந்தது. நாங்கள் டிக்கெட்டை மாற்றினோம். சோராக்காரி காலையில் எழுந்ததும் வெளியே வந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரியே, கையை நெற்றியில் குடை பிடித்துக்கொண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக மழைக்குக் காத்திருப்பதாகச் சொன்னாள். போனில் அவள் அம்மா, ஏன் வரவில்லை என்று கேட்டாராம். "மழை வரவில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அங்கே அந்தப் பதிலை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் கிழக்கே கறுத்தது. மதினி துணியை எடுத்துக்கொண்டே, "ஏலே, ஆட்டப் பிடிச்சுக் கட்டுங்கலே" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். முதலில் காற்று, புழுதி. பிறகு வானத்தைக் கிழித்துக்கொண்டு இடி. சோராக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள் மழை பேசாமல் வேலையைப் பார்க்கும். உங்கள் மழை ஏன் இவ்வளவு சண்டை போட்டுக்கொண்டு வருகிறது?"

"எங்கள் ஊர் மழை இல்லையா" என்றேன்.

அது பெய்தது. அக்கா வாசலில் நனைந்துகொண்டே நின்றாள். உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டாள். காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. ஓட்டிலிருந்து விழும் தண்ணீரின் கனத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது, தூங்கவில்லை. மாலையில் நின்று, மறுபடி பிடித்து, விடியும் வரை பெய்தது.

காலையில் நான் கண் விழிப்பதற்குள் சோராக்காரி தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிலத்துப் பாதையில் இறங்கிவிட்டாள். மழை நிபுணி அல்லவா? எனக்கு எதற்கு உன் ஆலோசனை என்ற நடை. கொஞ்ச தூரம் போவதற்குள் ஒவ்வொரு காலும் ஆனைக்கால் ஆகிவிட்டது. தூக்க முடியவில்லை. ஒரு காலை இழுத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கிறது, கால் மட்டும் வெளியே வருகிறது. ஒற்றைக் காலில் நின்று கையை ஆட்டுகிறாள். பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்தபடி வந்த மதினி, "அட்டை கடிச்சாத்தான் அழணுமா, இதுக்கும் அழலாமே தாயி" என்றாள். சோராவில் எனக்கு நடந்ததை நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், அதன் பலன். இரண்டு பேராகப் பிடித்து இழுத்து அவளைப் பிடுங்கினோம்.

பொழியில் உட்காரவைத்தபோது அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணீர் எங்கே?" என்றாள். ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்கு ஓடுகிற தண்ணீர் அங்கே இல்லை. வெடிப்பெல்லாம் வாய் மூடி, நிலம் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தது.

"உள்ளே" என்றேன்.

அவள் அந்தக் கறுப்பை விரலால் தொட்டாள். "எங்களுக்கு வருகிறது. உங்களுக்குத் தங்குகிறது" என்றாள். பிறகு கொஞ்சம் எரிச்சலோடு, "இதில் பாதி மண்ணாவது எங்களுக்கு இருந்திருக்கலாம்" என்றாள். நான் அன்றைக்கு ஒருநாள் பெருமை பேசவில்லை. குடத்தோடு இறங்கிப் போகிற அவளுடைய அம்மாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வாரக் கடைசியில் உளுந்து முளைத்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது கறுப்பின்மேல் பச்சை நூலைக் கட்டி இழுத்த மாதிரி ஒரு வரிசை. உற்றுப் பார்த்தால் அடுத்த வரிசை. அதற்கப்புறம் கண்ணை எடுக்க முடியவில்லை, நிலம் முழுக்க வரிசை. மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு, இரண்டு இலையாகக் கையைக் கூப்பின மாதிரி வந்திருந்தது. கிழக்கு மூலை மட்டும் சொட்டை. மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தவர்களின் நிலத்தில் டிராக்டர் இன்னும் இறங்கக்கூட முடியவில்லை.

நானும் அக்காவும் அப்பாவும் சோராக்காரியும் பொழியில் நின்றுகொண்டிருந்தபோது சோலார்க்காரர் வந்தார். மண் ரோட்டிலேயே பைக்கை விட்டுவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்து வந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, மழைக்குப் பொறவு பேசலாம்னு சொன்னியல்லா."

"நெலம் சும்மா இல்லையே" என்றார் அப்பா. கையை நீட்டிக் காட்டவெல்லாம் இல்லை. நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் விலகிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் மறைத்துக்கொண்டிருந்த வரிசைகள் அந்த ஆளுக்குத் தெரிந்தன.

அவரும் விவசாயக் குடும்பம்தான் போல. பார்த்ததும் குனிந்துவிட்டார். "புழுதியில போட்டதா? நல்ல மொளைப்பால்லா இருக்கு!" என்றவர், தொழில் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "சரி, அறுத்த பொறவு பாத்துக்கலாமா அண்ணாச்சி? அவிய அவசரப்படுதாவ."

அப்பா அக்கா பக்கம் தலையைத் திருப்பினார். "அவகிட்டக் கேளுங்க. நெலத்துக்காரி அவதான்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சோராக்காரி என்னை இடித்து, என்ன சொன்னார் என்ன சொன்னார் என்று கேட்கிறாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா சமாளித்துக்கொண்டாள்.

"அறுத்த பொறவு நெலம் ஆறணும், அண்ணாச்சி. அதுக்குப் பொறவு அடுத்த புரட்டாசிக்கு உழவு இருக்கு. அதுக்கும் அடுத்த வருசமும் இருக்கு. நீங்க வேற எடம் பாருங்க. வெயிலு எங்கன வேணும்னாலும் அடிக்கும்லா."

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரிசைக்கு இடையில் முளை மிதிபடாமல் கால் வைத்து, சொட்டையாகக் கிடந்த கிழக்கு மூலையைப் பார்க்க நடந்தாள். அப்பா அந்த ஆளிடம், "வீட்டுக்கு வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.